ஏசிக்கு இரண்டு வேலை

கொல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில் மே மாதம் நடந்து போனால் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீராவது விழும். வானத்தில் மேகம் இருக்காது. நிமிர்ந்து பார்த்தால் மாடி வீட்டு ஜன்னலில் ஒரு ஏசி தெரியும். அதன் பின்னால் தொங்கும் மெல்லிய குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே நடைபாதையில் புடவை, வளையல், பொம்மை விற்பவர்கள், சொட்டு விழும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சரக்கைப் பரப்பியிருப்பார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏசிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அதற்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பும் கிடையாது. "உள்ளே இருக்கும் கேஸ்தான் தண்ணியா ஒழுகுது" என்று பெரியவர்களிலேயே சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. அறைக்குள் இருந்த காற்றிலிருந்து ஏசி பிரித்தெடுத்த தண்ணீர் அது.

காற்றில் அவ்வளவு தண்ணீரா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று இருக்கும். கோடை மாலையில் கரியாஹாட்டில் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். 34 ஐ 25 ஆல் பெருக்குங்கள். 850 கிராம்! முக்கால் லிட்டருக்கும் மேலான தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அந்த அறையில் மிதக்கிறது. நீராவிக்கு நிறம் இல்லை. அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

அதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக் காற்றாட வையுங்கள். சில நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். டம்ளர் ஓட்டையில்லை. குளிர்ந்த எவர்சில்வரைத் தொட்ட காற்று, தன்னிடமிருந்த நீராவியைத் தாங்க முடியாமல் தண்ணீராக விட்டுவிடுகிறது. ஏசிக்குள் நடப்பதும் இதேதான்.

கொல்கத்தாக் காற்றுக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? தெற்கே வங்காள விரிகுடா. மேற்கே ஹூக்ளி ஆறு. கிழக்கே பெரிய சதுப்பு நிலங்கள். கோடையில் தெற்கிலிருந்து அடிக்கும் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. வெயில் ஏறும், ஈரமும் ஏறும். மாலையில் காலபைசாகி என்ற இடிமழைப் புயல் வந்து அடித்துவிட்டுப் போனால் ஊர் கொஞ்சம் மூச்சு விடும். வராத நாளில் ஒரே புழுக்கம்.

இந்தப் புழுக்கம் நம் உடம்பை ஏன் இப்படிப் படுத்துகிறது? நமக்கு இயற்கை கொடுத்திருக்கும் குளிர்விக்கும் ஏற்பாடு வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நம் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு அது பறந்துபோகிறது. நாம் குளிர்கிறோம். ஆனால் காற்றில் ஏற்கெனவே நீராவி நிரம்பியிருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. உடம்பிலேயே வழிந்து சட்டையை நனைக்கும். வழிகிற வியர்வையால் குளிர்ச்சி இல்லை, ஆவியாகிற வியர்வையால்தான் குளிர்ச்சி.

டெல்லியிலிருந்து வேலை மாற்றலாகிக் கொல்கத்தா வரும் குடும்பங்கள் சில, தங்கள் வீட்டு ஏர் கூலரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள். டெல்லியில் அதைப் போட்டதும் அறை ஜில்லென்று ஆகும். இங்கே பாயும் தலையணையும் நமத்துப்போவதுதான் மிச்சம். காரணம், நனைந்த தட்டி வழியே காற்றை இழுத்து, தண்ணீரை ஆவியாக்கித்தான் கூலர் காற்றைக் குளிர வைக்கிறது. டெல்லியில் மே மாதப் பகலில் 42 டிகிரி வெயில், 18 சதவீத ஈரப்பதம் என்றால், தண்ணீர் ஆவியாவதால் காற்று 23 டிகிரி அளவுக்குக்கூட இறங்க வாய்ப்பு உண்டு. கரியாஹாட்டில் 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் 28 டிகிரிக்குக் கீழே அது இறங்கவே முடியாது. அதோடு அறைக்குள் ஈரத்தையும் கூட்டிவிடும். மண்பானைத் தண்ணீர் மதுரையில் குளிர்கிற அளவுக்குக் கொல்கத்தாவில் குளிராததும் இதனால்தான்.

அப்படியானால் மின்விசிறி? அது அறையைக் குளிர வைப்பதே இல்லை! நம்ப முடியவில்லையா? மூடிய அறையில், சுழலும் விசிறிக்குக் கீழே சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை அரை மணி நேரம் வையுங்கள். எண் இறங்காது. விசிறியின் மோட்டார் கொஞ்சம் சூடாவதால் அறையின் வெப்பம் இம்மியளவு கூடத்தான் செய்யும். ஆனாலும் நமக்குச் சுகமாக இருக்கிறது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விசிறி விரட்டிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. வியர்வை வேகமாக ஆவியாகிறது. ஆகவே ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடினால் ஒரு பயனும் இல்லை. அறையைவிட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அம்மா சொல்வதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்தே அறையிலிருந்து வெளியேற்றும் இயந்திரம் ஏசி. இது பிறந்த கதையைக் கேளுங்கள். 1902 இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் ஓர் அச்சகம் இருந்தது. வண்ணப் படங்கள் அச்சடிக்கும்போது ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்காகவும் திரும்பத் திரும்ப அச்சில் ஏற்றுவார்கள். கோடைக் காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் உப்பிவிடும். அதனால் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் மேல் சரியாக உட்காராது. படம் கலங்கிப்போகும். இதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றை ஓட்டி அதன் ஈரத்தைக் குறைக்கும் அமைப்பை வடிவமைத்தார். தற்கால ஏசியின் தொடக்கம் அதுதான். தாளை உலர வைக்கத்தான் அது முதலில் வந்தது. மனிதர்களின் சுகம் பிறகு வந்து சேர்ந்தது. கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை மற்ற எவரையும்விட நன்றாகப் புரியும்.

ஏசிக்குள் ஒரு திரவம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. மெக்கானிக்குகள் அதைக் 'கேஸ்' என்பார்கள். அறிவியலில் குளிரூட்டி. இப்போது விற்கும் பல ஏசிகளில் ஆர்-32 என்ற குளிரூட்டி இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இது சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும்! கொதிக்க வேண்டுமானால் வெப்பம் வேண்டுமே? அறைக்குள் இருக்கும் செப்புக் குழாய்ச் சுருளில் அது கொதித்து ஆவியாகும்போது அறைக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சுருள் ஜில்லென்று ஆகிறது. ஐஸ் டம்ளரைப் போல அதன் மேலும் நீர் முத்துக்கள் அரும்புகின்றன. ஆவியான குளிரூட்டியை வெளியே இருக்கும் கம்ப்ரசர் அழுத்திப் பிழிகிறது. அழுத்தினால் வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே காரணம்தான். இப்படிச் சூடான வாயு வெளிச்சுருளில் ஓடும்போது, அதைவிடக் குறைந்த சூடுள்ள தெருக் காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் திரவமாகிறது. பிறகு ஒரு மெல்லிய குழாய் வழியே அழுத்தம் குறைந்து அறைக்குள் வருகிறது. மறுபடி கொதிக்கிறது.

கவனித்தீர்களா? ஏசி 'குளிர்' என்று எதையும் தயாரிக்கவில்லை. வெப்பத்தை அழிக்கவும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல, தானாக ஏறாத வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் இறைத்து வெளியே கொட்டுகிறது. எவ்வளவு கொட்டுகிறது? 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து 5,270 வாட் வெப்பத்தை எடுக்கும். அதற்கு அது செலவழிக்கும் மின்சாரம் 1,500 வாட் என்று கொண்டால் அதுவும் வெப்பமாகி வெளியேதான் போகும். மொத்தம் ஏறக்குறைய 6,800 வாட். மூன்று வாட்டர் ஹீட்டர்களைச் சேர்த்துப் போட்ட அளவு வெப்பம் தெருவுக்கு வருகிறது.

'1.5 டன்' என்றதும் ஏசியின் எடை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஐஸ் கட்டியின் கணக்கு. இதற்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது.

1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி அதில் 180 டன் ஐஸ் ஏற்றியிருந்தார். குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து வெட்டியெடுத்த ஐஸ் அது. வெப்பம் எளிதில் புகாதபடி கப்பலுக்குள் அதைப் பொதிந்து வைத்திருந்தார்கள். நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும். செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் ஐஸ் உருகாமல் மிஞ்சியிருந்தது! அதன் பிறகு கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் ஐஸ் சேமிக்கும் கட்டடங்கள் எழுந்தன. சென்னையில் 1842 இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சென்னைப் பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம்.

பின்னாளில் ஐஸுக்குப் பதில் இயந்திரங்கள் வந்தபோது, 'இந்த இயந்திரம் ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸுக்குச் சமம்?' என்றுதான் வாங்குபவர்கள் கேட்டார்கள். அந்த அளவே நிலைத்துவிட்டது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் எடுத்தால் அது 'ஒரு டன் ஏசி'. இங்கே டன் என்பது அமெரிக்க டன், 907 கிலோ. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். 907 ஐ 334 ஆல் பெருக்கி, ஒரு நாளில் உள்ள 86,400 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். சுமார் 3.5 கிலோவாட் வரும். டஸ்கனி கப்பல் கொண்டுவந்து சேர்த்த 100 டன் ஐஸ் செய்யக்கூடிய வேலையை, ஒரு 1.5 டன் ஏசி இரவு பகலாக ஓடினால் 67 நாளில் செய்துவிடும்.

இந்த 5,270 வாட்டும் அறையைக் குளிர வைக்கவே பயன்பட்டால் நன்றாக இருக்கும். கரியாஹாட்டில் அப்படி முடியாது. நீராவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்க அதிலிருந்து 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சொட்டினால் 1,000 வாட், அதாவது ஏசியின் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஈரத்தை எடுக்கவே போய்விடுகிறது. ஏசிக்கு இரண்டு வேலை என்று தலைப்பில் சொன்னது இதைத்தான். ஜன்னலையோ கதவையோ இடுக்கு விட்டு வைத்தால் புது ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஈரத்தை எடுக்கும் வேலை முடியவே முடியாது.

என் அக்கா வீடு கரியாஹாட்டில், ஏக்டாலியா பக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஹோலி முடிந்ததும் ஏசி மிஸ்திரி வந்துவிடுவார். கொல்கத்தாவில் மெக்கானிக்கை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா பிள்ளைகள் அவரை 'மிஸ்திரி காகு' என்பார்கள். காகு என்றால் சித்தப்பா. அவர் ஏசியைக் கழற்றும்போது பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டபடியே இருப்பார்கள். அவர் சலிக்காமல் பதில் சொல்வார். அறிவியல் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. நானும் அங்கே நின்று கற்றுக்கொண்டேன்.

முதலில் அவர் முன்மூடியைத் திறந்து வலைபோன்ற ஃபில்டரை உருவுவார். அதில் ஒரு கம்பளிபோலத் தூசி படிந்திருக்கும்.

"காகு, தூசி அடைச்சா காத்துக் கம்மியா வரும். ஆனா போன மாசம் உள்ளே ஐஸே கட்டிடுச்சே, அது ஏன்?" என்று அக்கா மகள் கேட்டாள்.

நல்ல கேள்வி! அதிகமாகக் குளிர்வதால் ஐஸ் கட்டியது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்சுருளின் மேல் போதுமான அறைக் காற்று ஓடாது. குளிரூட்டி கொதிக்கத் தேவையான வெப்பம் கிடைக்காது. ஆகவே சுருளின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். அது 0 டிகிரிக்குக் கீழே போனதும், மேலே அரும்பிய தண்ணீர் உறைந்துவிடும். உறைந்த ஐஸ் மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கும். அறை புழுங்கும், மீட்டர் ஓடும். சில நேரம் குளிரூட்டி குறைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரைத்தான். மிஸ்திரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிவிடலாம். ஏசியின் மெயின் சுவிட்சைப் பெரியவர் ஒருவர் அணைத்த பிறகு நீங்களும் கூட நின்று உதவலாம்.

அடுத்தது தண்ணீர் போகும் குழாய். உள்சுருளுக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். எப்போதும் ஈரமாக இருப்பதால் அதில் வழவழவென்று பாசியும் பூஞ்சையும் பிடிக்கும். அது குழாயை அடைத்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் சுவரில் வழியும். ஏசி போட்டதும் வீசும் ஈர நாற்றத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மிஸ்திரி தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுவார். குழாய் கீழ்நோக்கிச் சரிவாகவே இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். அதில் உப்பு கிடையாது. ஆனால் குடிக்கக் கூடாது. தூசியும் கிருமியும் கலந்திருக்கும். வாளியை நாள்தோறும் காலிசெய்து தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இதுபோலத் தெளிந்த தண்ணீர் தேங்கிய பாத்திரங்களில்தான் பெரும்பாலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

பிறகு வெளியே இருக்கும் பெட்டி. கரியாஹாட்டின் பழைய வீடுகளுக்கு நடுவே சந்துகள் குறுகலானவை. பலர் வெளிப்பெட்டியை அந்தச் சந்தில் மாட்டிவிடுகிறார்கள். சூடான காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றி, திரும்பப் பெட்டிக்குள்ளேயே போகும். சுற்றிலும் காற்று எவ்வளவு சூடோ, கம்ப்ரசர் அவ்வளவு கஷ்டப்பட வேண்டும். பெட்டியின் துடுப்புகளில் தூசியும் புறா இறகும் அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. உயரத்தில் இருப்பது ஒரு காரணம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பது இன்னொரு காரணம்.

"கேஸ் போடணுமா?" என்று அக்கா கேட்டதற்கு மிஸ்திரி சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "தீதி (அக்கா), கேஸ் எரிஞ்சு தீர்ந்துபோற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ளே சுத்துது, அவ்வளவுதான். குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓட்டை. ஓட்டையை அடைக்காம கேஸ் போட்டா அதுவும் போயிடும்." ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் உங்கள் வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

கசியும் குளிரூட்டி நம் பணத்தை மட்டும் கரைப்பதில்லை. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22, வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் வகையைச் சேர்ந்தது. இந்த வகைப் பொருட்களில் உள்ள குளோரின் ஓசோனைச் சிதைக்கும் என்று 1974 இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் எச்சரித்தார்கள். 1987 இல் உலக நாடுகள் மாண்ட்ரியால் நகரத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு அவற்றைப் படிப்படியாகக் கைவிடத் தொடங்கின. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் 1995 இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கும் மேல் வலிமையானது. ஆர்-32 சுமார் 675 மடங்கு. சில ஏசிகளில் புரொப்பேன் இருக்கிறது. பூமியைச் சூடாக்கும் வலிமை அதற்கு மிகமிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கும் என்பதால் பயிற்சி பெற்றவர்தான் கைவைக்க வேண்டும். பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடும் முன் குளிரூட்டியைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்து எடுக்க வேண்டும். நம் ஊர்களில் பல இடத்தில் இது நடப்பதில்லை. இது மாறியே ஆக வேண்டும்.

புது ஏசி வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் வந்தால் நீங்கள் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று, நட்சத்திரச் சீட்டு. மின்சாரச் சிக்கனத்துக்கான இந்திய அரசு அமைப்பு தருவது அது. நட்சத்திரம் கூடக் கூட அதே குளிர்ச்சிக்கு மின்சாரம் குறையும். இரண்டு, இன்வெர்ட்டர் ஏசியா என்பது. சாதாரண ஏசியில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டரில் தேவைக்கேற்ப வேகம் கூடும், குறையும். இன்னொன்றும் சொல்கிறேன். தேவைக்கு மீறிப் பெரிய ஏசி வாங்கக் கூடாது. அது அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும்.

2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் நட்சத்திரச் சீட்டுள்ள ஏசிகளைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம். 26 இல் வைத்து, கூடவே விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். ஏசி காற்றை உலர்த்துகிறது. உலர்ந்த காற்றை விசிறி தோலுக்குக் கொண்டுவருகிறது. 18 இல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்வதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஏசி இல்லாத வீடுகளும் கரியாஹாட்டில் உண்டு. அவர்களுக்கு விசிறிதான் எல்லாம். 1899 இல் கொல்கத்தாவுக்கு மின்சாரம் வரும் முன், வசதியான வீடுகளில் கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறியை ஓர் ஆள் நாள் முழுக்கக் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பார். அந்த மனிதருக்கு யார் விசிறியது என்று நினைத்தால் மனது வலிக்கிறது. கரியாஹாட்டுக்குத் தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், தையல் இயந்திரத்துக்கும் மின்விசிறிக்கும் பெயர்பெற்ற உஷா நிறுவனத்தின் ஆலை இருந்தது. இன்று அந்த இடத்தில் சவுத் சிட்டி என்ற வணிக வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

பழைய கூரை விசிறி 75 வாட் மின்சாரம் எடுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட் போல எடுத்துக்கொண்டு அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 15 மணி நேரம், ஆண்டில் 240 நாள் ஓடினால் ஒரு விசிறிக்கு 162 யூனிட் மிச்சம். மாற்ற வசதியில்லையா? விசிறியின் இறக்கைகளைத் துடைத்து வையுங்கள். வேகம் குறைந்துபோன விசிறிக்கு எலக்ட்ரீஷியனை வைத்துக் கெபாசிட்டர் மாற்றினாலே பழைய வேகம் திரும்பக் கூடும்.

பழைய கரியாஹாட் வீடுகளில் 'கொர்கொரி' என்ற சாய்ந்த பட்டைகள் வைத்த மர ஜன்னல்கள் உண்டு. வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். உயர்ந்த கூரை, சிவப்பு ஆக்சைடு தரை, நிழல் தரும் தாழ்வாரம். இவற்றை இடித்துக் கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு கட்டிவிட்டு, பிறகு ஏசி வாங்குகிறோம். எனக்கு இது நல்ல மாற்றமாகப் படவில்லை. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டாலே ஏசியின் வேலை குறையும்.

குளிர்காலத்துக்குக் கொல்கத்தாவில் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு குரங்குக் குல்லாய் போதும். ஆனால் கனடாவில் சில வீடுகளில் இதே ஏசியைத் திருப்பி ஓட்டி, வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கிறார்கள். அதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். குளிரான காற்றிலும் வெப்பம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவில் வெயில் 43 டிகிரியைத் தொட்டது. ஏப்ரல் மாதத்தில் 1954 க்குப் பிறகு அந்த ஊர் அப்படி ஒரு வெயிலைக் கண்டதில்லை. அன்றும் கரியாஹாட் நடைபாதையில் கடை போட்டவர்கள் இருந்தார்கள். நம் ஏசி கொட்டும் 6,800 வாட் அவர்கள் மேல்தான் விழுகிறது. ஃபில்டரைக் கழுவினால், இரண்டு டிகிரி கூட்டி வைத்தால், அந்த அளவு குறையும். நம் கரண்ட் பில்லைவிட இது முக்கியம்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. சிவப்புத் திரவம் உள்ள சுவர் வெப்பமானி இரண்டு வாங்குங்கள். பாதரச வெப்பமானி வேண்டாம், உடைந்தால் ஆபத்து. ஒன்றின் குமிழை நனைந்த பருத்தித் துணியால் சுற்றுங்கள். இரண்டையும் விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வைத்து எண்களைக் குறியுங்கள். காய்ந்தது 32 டிகிரி காட்டும்போது, நனைந்தது 4 டிகிரி குறைவாகக் காட்டினால் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம். 8 டிகிரி குறைந்தால் சுமார் 50. 12 டிகிரி குறைந்தால் 30 சொச்சம். கரியாஹாட், தூத்துக்குடி, மதுரை, ஊட்டி, யாழ்ப்பாணம் என்று நீங்கள் எங்கே இருந்தாலும் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஒரு வாரம் அளந்து, ஊர்ப் பெயரோடு குறித்து வையுங்கள்.